டேட்டாபேஸ கன்டெய்னர்ல ஓட்டுறோம் சரி, டேட்டா எங்க இருக்கு?

டாக்கர்ங்கிற டூல வச்சு சாஃப்ட்வேர மெஷின்ல நேரா இன்ஸ்டால் பண்ணாம கன்டெய்னர்ங்கிற தனி தடுப்புக்குள்ள ஓட்டுறோம், எந்த கன்டெய்னர எப்படி ஓட்டணும்னு எழுதி வைக்கிறது கம்போஸ் ஃபைல், அப்படி ஓட்டுற டேட்டாபேஸ்ல ஒண்ணு போஸ்ட்கிரஸ். போன மாசம் எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் மதியம் சாப்ட்டு வந்து உக்காந்ததும் கேட்டான், "அண்ணா, கம்போஸ் ஃபைல்ல போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்ட மாத்திட்டேன், கன்டெய்னர தூக்கிட்டு புதுசா போட்டுட்டேன், லேப்டாப்பையே ரீஸ்டார்ட் பண்ணி பாத்துட்டேன், இன்னும் பழைய பாஸ்வேர்டுக்குத்தான் உள்ள விடுது, என்னண்ணா இது?" நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பக்கத்து சீட்ல இருந்தவர் "டவுன் அடிக்கும்போது கடைசில மைனஸ் வி சேத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டார் (டவுன்ங்கிறது கன்டெய்னர நிறுத்தி அழிக்கிற கமாண்ட்), அவனும் அடிச்சான். புது பாஸ்வேர்ட் வேலை செஞ்சுது. உள்ள போய் பாத்தா டேபிள் ஒண்ணு கூட இல்ல, மூணு நாளா கையால ஏத்தி வச்ச டெஸ்ட் டேட்டா மொத்தமா போச்சு.

பழசு போகாம நின்னதும் சரி, அப்புறம் எல்லாம் ஒரே அடியில போனதும் சரி, ரெண்டும் ஒரே எடத்துல இருந்துதான் வருது. கன்டெய்னர்ங்கிறது வாழை இலை மாதிரி, சாப்ட்டு முடிச்சா மடிச்சுப் போடுறதுக்குன்னே பண்ணது. டேட்டாபேஸ்ங்கிறது ஊறுகா ஜாடி, அது பாட்டுக்கு அலுங்காம வருஷக்கணக்கா இருக்கணும், ஈரக்கை பட்டாலே கெட்டுப்போயிடும். நாம என்ன பண்றோம்னா ஜாடியக் கொண்டுபோய் இலை மேல வச்சிருக்கோம். லோக்கல் டெவலப்மென்ட்டுக்கு இது தப்பே இல்ல, சொல்லப்போனா ரொம்ப வசதி, ஆனா இலை எங்க முடியுது ஜாடி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம வேலை பாத்தா இப்படித்தான் ஆகும்.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு இப்ப வர்ற பசங்களுக்கு தெரியாது. காலேஜ்ல ஸாம்ப்ங்கிற ரெடிமேட் பேக்கேஜ் போட்டு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓட்டுனோம். வேலைக்கு வந்ததும் ஒரு ப்ராஜெக்ட் மைஎஸ்க்யூஎல் 5.7 கேக்கும், இன்னொண்ணு 8 கேக்கும், ரெண்டும் 3306 போர்ட்டுக்கு அடிச்சுக்கும், ஒண்ண அன்இன்ஸ்டால் பண்ணா விண்டோஸ் சர்வீஸ் லிஸ்ட்ல பாதி செத்தும் பாதி சாகாமலும் ஒண்ணு ஒக்காந்திருக்கும். புது ஆள் சேந்தா அவர் மெஷின செட் பண்ணவே ரெண்டு நாள் போகும், அதுக்கும் ஒரு வேர்ட் டாக்குமென்ட் இருக்கும், அதுல இருக்குற ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் மூணு வருஷம் பழசு.

டாக்கர் வெளிய வந்தது 2013 மார்ச்ல, பைகான்ங்கிற பைத்தான் மாநாட்டுல டாட்கிளவுட்ங்கிற கம்பெனியோட சாலமன் ஹைக்ஸ் மேடையேறி அஞ்சு நிமிஷ டாக்ல காமிச்சார். அவர் காமிச்சதுல கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட உள்மையம்) சமாச்சாரம் பெருசா புதுசு இல்ல. ஒரு ப்ராசஸுக்கு (ஓடிட்டு இருக்குற புரோகிராமுக்கு) வேற ரூட் டைரக்டரிய காமிக்கிற சிஎச்ரூட் 1979லயே யுனிக்ஸ்ல இருந்துச்சு, மெமரி சிபியு எல்லாம் அளந்து குடுக்குற சிக்ரூப்ஸ கூகுள் இன்ஜினியர்ங்க 2006ல ஆரம்பிச்சு 2008 ஜனவரில 2.6.24 கெர்னலோட வெளிய வந்துச்சு, ஒரு ப்ராசஸுக்கு மத்தது கண்ணுல தெரியாம பிரிச்சு வைக்கிற நேம்ஸ்பேஸும் அதுக்கு முன்னாடி இருந்தே கொஞ்சம் கொஞ்சமா சேந்துட்டு இருந்துச்சு. டாக்கர் பண்ண வேலை இதையெல்லாம் ஒண்ணா கட்டி, ஒரு சாஃப்ட்வேரையும் அதுக்குத் தேவையான லைப்ரரி எல்லாத்தையும் ஒரே பொட்டலமா, அதாவது இமேஜா ஆக்கி, யார் வேணா ஒரு வரில இறக்கி ஓட்டலாம்னு பண்ணதுதான்.

அதனால முதல்ல மனசுல ஏத்திக்க வேண்டியது, கன்டெய்னர் குட்டி கம்ப்யூட்டர் கிடையாது. லினக்ஸ்ல அது சாதாரண ப்ராசஸ், சுத்தி தட்டி கட்டி வச்சிருக்காங்க அவ்ளோதான். வேகம் பாதியாயிடும்னு பயப்படுறவங்க உண்டு, 2014லயே ஐபிஎம் ரிசர்ச் ஆளுங்க மைஎஸ்க்யூஎல், ரெடிஸ்ங்கிற ரெண்டு டேட்டாபேஸையும் வச்சு அளந்து பாத்தாங்க, டேட்டாவ வால்யூம்ல (கன்டெய்னருக்கு வெளிய இருக்குற டைரக்டரில) வச்சா நேரா மெஷின்ல ஓட்டுறதுக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்ல, டாக்கரோட லேயர் ஃபைல்சிஸ்டத்துல வச்சாதான் இழுத்துச்சு. விண்டோஸ் மேக் ரெண்டுலயும் மட்டும் கதை வேற, அங்க லினக்ஸ் கெர்னல் இல்லாததால பின்னாடி ஒரு விர்ச்சுவல் மெஷின் ஓடுது, அதுக்குள்ளதான் உங்க கன்டெய்னர் எல்லாம் இருக்கு.

இமேஜ்ங்கிறது மாத்த முடியாத லேயர் லேயரா அடுக்குனது. கன்டெய்னர் கெளம்பும்போது அதுக்கு மேல எழுதக்கூடிய மெல்லிசான ஒரு லேயர் போடுவாங்க. கீழ இருக்குற ஒரு ஃபைல்ல ஒரே ஒரு எழுத்த மாத்தணும்னாலும் ஓவர்லே ஃபைல்சிஸ்டம் அந்த ஃபைல முழுசா மேல காப்பி பண்ணிட்டுத்தான் மாத்தும். கன்டெய்னர அழிச்சா இந்த மேல் லேயர் போயிடும். அதான் இலை. டேட்டாபேஸ் டேட்டா இதுக்குள்ள இருக்கக்கூடாதுன்னுதான் வால்யூம்னு ஒண்ணு வச்சாங்க, அது இந்த லேயர் எல்லாத்துக்கும் வெளிய, டாக்கர் தனியா பாத்துக்குற ஒரு டைரக்டரி, கன்டெய்னர் செத்தாலும் அது இருக்கும்.

இங்க பலபேருக்கு தெரியாத ஒரு விஷயம் இருக்கு. போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி, இதோட அஃபிஷியல் இமேஜ் எல்லாமே "என் டேட்டா டைரக்டரி ஒரு வால்யூம்"னு இமேஜ்லயே எழுதி வச்சிருக்கு. நீங்க பேர் சொல்லி வால்யூம் குடுக்கலன்னா டாக்கரே நீளமா ஒரு ஹெக்ஸ் பேர் வச்சு பேரில்லாத வால்யூம் ஒண்ண உருவாக்கிடும். அப்புறம் கன்டெய்னர அழிச்சிட்டு புதுசா போட்டா புதுக் கன்டெய்னருக்கு புது காலி வால்யூம் கிடைக்கும், நீங்க டேட்டா போச்சுன்னு தலைல கை வப்பீங்க, ஆனா பழைய வால்யூம் எங்கயும் போகல, அநாதையா டிஸ்க்லயே கிடக்கு. ஒருதடவ ராத்திரி பத்து மணிக்கு வால்யூம் லிஸ்ட எடுத்து ஒவ்வொண்ணா ஒரு கன்டெய்னர்ல மாட்டி உள்ள எட்டிப் பாத்து எட்டாவதுல என் டேட்டாவ கண்டுபுடிச்சிருக்கேன், தொலைஞ்ச மோதிரம் அரிசி டப்பால கிடைச்ச மாதிரி இருந்துச்சு. கன்டெய்னர ஆர்எம் கொடி (நின்னதும் தானா அழிச்சிடுன்னு சொல்ற ஆப்ஷன்) போட்டு ஓட்டியிருந்தா மட்டும் அதுவும் கூடவே அழிஞ்சிருக்கும், அப்ப தேடி பிரயோஜனம் இல்ல.

இப்ப பாஸ்வேர்டுக்கு வருவோம். கம்போஸ் ஃபைல்ல என்விரான்மென்ட்ல பாஸ்வேர்ட் எழுதுறோம்ல, அத போஸ்ட்கிரஸ் சர்வர் படிக்கிறதே இல்ல. அத படிக்கிறது இமேஜ்ல முதல்ல ஓடுற என்ட்ரிபாயின்ட் ஷெல் ஸ்க்ரிப்ட். அது டேட்டா டைரக்டரிய எட்டிப் பாக்கும், காலியா இருந்தா இனிட்டிபி (டேட்டா டைரக்டரிய முதல்ல உருவாக்குற கமாண்ட்) ஓட்டி, அந்த பாஸ்வேர்டோட யூசர உருவாக்கி, டேட்டாபேஸ உருவாக்கி, இனிட்டிபி டைரக்டரில நீங்க போட்டு வச்ச எஸ்க்யூஎல் ஃபைல் எல்லாத்தையும் பேர் வரிசைல ஓட்டும். காலியா இல்லன்னா இது எதையுமே தொடாது, நேரா சர்வர கெளப்பிடும். அதாவது அந்த பாஸ்வேர்ட் கிரகப்பிரவேசத்தன்னிக்கு மட்டும் கேக்குற பேர், அப்புறம் பத்திரத்துல என்ன இருக்கோ அதான். தம்பி கன்டெய்னரத்தான் மாத்தினான், வால்யூம் பழசு, அதுக்குள்ள யூசர் டேபிள்ல இருந்த பாஸ்வேர்டும் பழசு. மைனஸ் வி அந்த வால்யூமையே அழிச்சதாலதான் புது பாஸ்வேர்ட் வேலை செஞ்சுது, டேட்டாவும் கூடவே போச்சு. மைஎஸ்க்யூஎல்லும் இதே கதைதான். "இனிட் ஸ்க்ரிப்ட்ல புது டேபிள் சேத்தேன் வரவே இல்ல"ன்னு வர்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

அவனுக்கு டேட்டா போகாமலே மாத்தியிருக்கலாம். போஸ்ட்கிரஸ் இமேஜ்ல கன்டெய்னருக்கு உள்ள இருந்து கனெக்ட் பண்ணா பாஸ்வேர்டே கேக்காது, உள்ள இருக்குறவங்கள நம்புற மாதிரி செட்டிங், வெளிய இருந்து வந்தாதான் கேக்கும். டாக்கர் எக்ஸெக் போட்டு உள்ள போய் பிஎஸ்க்யூஎல்ங்கிற அதோட கமாண்ட் டூல தொறந்து ஆல்டர் யூசர்னு ஒரு வரி அடிச்சா முடிஞ்சது. இதே காரணத்தாலதான் "உள்ள வேலை செய்யுது வெளிய வேலை செய்யல"ன்னு இன்னொரு கூட்டம் சுத்தும், பாஸ்வேர்ட் சரியான்னு உள்ள இருந்து டெஸ்ட் பண்ணி பிரயோஜனமே இல்ல, என்ன அடிச்சாலும் விடும்.

முதல் தடவ கெளம்பும்போது இன்னொரு கூத்தும் நடக்கும். அந்த இனிட் ஸ்க்ரிப்ட் எல்லாம் ஓட்ட ஒரு தற்காலிக சர்வர கெளப்புவாங்க, அது யுனிக்ஸ் சாக்கெட்ல (நெட்வொர்க் இல்லாம ஒரே மெஷினுக்குள்ள பேசிக்கிற வழில) மட்டும் கேக்கும், வேலை முடிஞ்சதும் அத நிறுத்திட்டு நிஜ சர்வர கெளப்புவாங்க. லாக்ல "ரெடி"ன்னு ரெண்டு தடவ வர்றது இதனாலதான். முதல் ரெடிய நம்பி உங்க ஆப் கனெக்ட் பண்ணா மூஞ்சில அடி. கம்போஸ்ல டிபென்ட்ஸ் ஆன்னு எழுதுனா போதும்னு நெனைக்கிறாங்க, அது சும்மா எழுதுனா கன்டெய்னர் கெளம்பிடுச்சான்னு மட்டும்தான் பாக்கும், சர்வர் பேச ரெடியான்னு பாக்காது. சர்வர் ரெடியான்னு கேட்டுச் சொல்ற பிஜி ஈஸ்ரெடி கமாண்ட வச்சு ஒரு ஹெல்த்செக் எழுதி, அது ஹெல்தி ஆனாத்தான் அடுத்தத கெளப்புன்னு கண்டிஷன் போடணும். அந்த பிஜி ஈஸ்ரெடியயும் 127.0.0.1ல (தன்னையே குறிக்கிற நெட்வொர்க் முகவரில) கேக்கச் சொல்லணும், சும்மா விட்டா சாக்கெட்ல கேட்டு தற்காலிக சர்வரப் பாத்துட்டே ஹெல்தின்னு சொல்லிடும்.

நிறுத்துறதுலயும் நுணுக்கம் இருக்கு. டாக்கர் ஸ்டாப் அடிச்சா முதல்ல மரியாதையா ஒரு சிக்னல் போகும், 10 செகண்ட்ல நிக்கலன்னா கில். போஸ்ட்கிரஸுக்கு வழக்கமா போற சிக்டெர்ம் அனுப்புனா அது கனெக்ட் ஆன கிளையன்ட் எல்லாரும் தானா போற வரைக்கும் காத்திருக்கும், உங்க டிபீவர் (டேட்டாபேஸப் பாக்குற ஆப்) ஜன்னல் தொறந்தே கிடக்கும், 10 செகண்ட் போயிடும். அதனாலதான் அஃபிஷியல் இமேஜ்ல சிக்னல சிக்இன்ட்டுன்னு மாத்தி வச்சிருக்காங்க, அது கனெக்ஷன எல்லாம் அறுத்துட்டு ஒழுங்கா மூடிடும். அப்படியே கில் ஆனாலும் வால் (WAL) லாக், அதாவது மாத்தத்த முன்கூட்டியே எழுதி வைக்கிற பதிவு இருக்கு, அடுத்த தடவ மீட்டுக்கும். ஒரே வால்யூம ரெண்டு போஸ்ட்கிரஸ் கன்டெய்னர்ல ஒரே நேரத்துல மாட்டுறதுதான் நெஜமாவே ஆபத்து. சாதாரண மெஷின்ல ரெண்டாவது சர்வர் லாக் ஃபைலப் பாத்து, அதுல இருக்குற பிஐடி (ப்ராசஸோட எண்) உயிரோட இருக்கான்னு பாத்து, பின்வாங்கிடும். கன்டெய்னர்ல ஒவ்வொண்ணுக்கும் தனி பிஐடி உலகம், ரெண்டுமே தன்ன 1ன்னுதான் நெனைச்சுட்டு இருக்கும், லாக் ஃபைல்ல இருக்குற 1அ பாத்து "ஓ இது நான்தான், முன்னாடி செத்தப்ப விட்டுட்டுப் போனது"ன்னு கெளம்பிடும். அப்புறம் ரெண்டு பேர் ஒரே நோட்டுல எழுதுவாங்க.

வெர்ஷன். இமேஜ் பேருக்குப் பின்னாடி வெர்ஷன் எண் இல்லாம லேட்டஸ்ட்னு டேக் போடாதீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, காரணம் சொல்ல மாட்டாங்க. போஸ்ட்கிரஸோட டேட்டா ஃபைல் அமைப்பு மேஜர் வெர்ஷனுக்கு மேஜர் வெர்ஷன் ஒத்துப்போகாது. 16ல உருவான டைரக்டரிய 17 தொறக்காது, ஒரு எர்ரர் சொல்லிட்டு நின்னுடும், நிக்கிறதும் நல்லதுக்குத்தான். இலைய மாத்துனா போதும்னு நெனைச்சு இமேஜ மட்டும் மாத்துறோம், ஜாடிக்குள்ள இருக்குறது பழைய பக்குவம். பழைய வெர்ஷன்ல டம்ப் (மொத்த டேட்டாவையும் ஃபைலா எழுதுனது) எடுத்து புதுசுல ஏத்துறதுதான் லேப்டாப்புக்கு சுலபமான வழி. 2025 செப்டம்பர்ல வந்த 18ல இருந்து இன்னொரு மாத்தம், வால்யூம மாட்டுற எடமே ஒரு படி மேல போயிடுச்சு, முன்னாடி போஸ்ட்கிரஸ்கியூஎல்லுக்குள்ள டேட்டாங்கிற டைரக்டரில மாட்டுனோம், இப்ப போஸ்ட்கிரஸ்கியூஎல்லயே மாட்டணும், உள்ள வெர்ஷன் பேர்ல தனித்தனி டைரக்டரி வரும். அப்கிரேட் டூல் ரெண்டு வெர்ஷன் ஃபைலையும் ஒரே மவுன்ட்டுக்குள்ள வச்சு லிங்க் பண்ணிக்கணும்கிறதுக்காக பண்ணது, நல்ல காரணம்தான், ஆனா பழைய கம்போஸ் ஃபைல அப்படியே வச்சு டேக்க மட்டும் 18 ஆக்குனவங்க எல்லாம் ஒரு நாள் முழிச்சாங்க.

வால்யூமுக்கு பதிலா ப்ராஜெக்ட் ஃபோல்டரையே பைன்ட் மவுன்ட் பண்றவங்க, அதாவது நேரா கன்டெய்னர்ல மாட்டுறவங்க உண்டு, ஃபைல் கண்ணுல தெரியுதுன்னு ஒரு நிம்மதி. லினக்ஸ்ல பரவால்ல. விண்டோஸ்ல சி டிரைவ்ல இருக்குற ஃபோல்டர மாட்டுனா ஒவ்வொரு ஃபைல் கூப்பாடும் அந்த விர்ச்சுவல் மெஷினுக்கும் விண்டோஸுக்கும் நடுவுல ஒரு நெட்வொர்க் ப்ரோட்டோகால் வழியா போய்ட்டு வரும், டேட்டாபேஸ் மாதிரி சின்னச் சின்னதா ஓயாம எழுதுற ஆளுக்கு அது கொடுமை, பெர்மிஷன் பிரச்சனை வேற தனியா வரும். மைக்ரோசாஃப்ட்டோட எஸ்க்யூஎல் சர்வர் 2019 இமேஜ்ல இருந்து ரூட்டா (அட்மின் யூசரா) ஓடாது, 10001ங்கிற யூசர் ஐடில ஓடும், உங்க ஃபோல்டர் வேற யார் பேர்லயோ இருந்தா கெளம்பும்போதே செத்துடும். கண்ணுல தெரியணும்னா டம்ப் ஃபைல் எடுத்து வச்சுக்கோங்க, உள்ள இருக்குற ஃபைலப் பாத்து ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

எஸ்க்யூஎல் சர்வர் கன்டெய்னர்ல ஓடுறதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். விண்டோஸ விட்டா கதி இல்லைன்னு இருந்த சாமான், லினக்ஸுக்கு வருதுன்னு 2016 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் சொன்னப்ப பலபேர் நம்பல, 2017 அக்டோபர்ல வந்தே வந்துடுச்சு. மொத்தத்தையும் திருப்பி எழுதல, டிராப்ரிட்ஜ்ங்கிற அவங்களோட பழைய ரிசர்ச் ப்ராஜெக்ட்ட வச்சு எஸ்க்யூஎல்பால்னு நடுவுல ஒரு அடுக்கு பண்ணாங்க, சர்வர் தான் விண்டோஸ்லயே இருக்கோம்னு நெனைச்சுட்டு ஓடும். அதுக்கு குறைஞ்சது 2 ஜிபி மெமரி வேணும், பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்கு கம்மியாவோ ரொம்ப எளிசாவோ இருந்தா சத்தமில்லாம நின்னுடும், காரணம் லாக்லதான் இருக்கும். டிஃபால்ட்டா கண்ணுல படுற மெமரில 80 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கும், 8 ஜிபி லேப்டாப்ல இத லிமிட் போடாம விட்டீங்கன்னா குரோமும் இதுவும் அடிச்சுக்கும். எக்ஸிட் கோட் 137ன்னு கன்டெய்னர் செத்துக் கிடந்தா மெமரி பத்தாம கெர்னல் கொன்னுடுச்சான்னு முதல்ல பாருங்க. போஸ்ட்கிரஸ்ல மெமரி பிரச்சனை வேற ரூபத்துல வரும், டாக்கர் குடுக்குற ஷேர்டு மெமரி 64 எம்பிதான், பெரிய பேரலல் குவெரி ஓட்டுனா "டிஸ்க்ல எடமில்ல"ன்னு எர்ரர் வரும், டிஸ்க்ல பாத்தா 200 ஜிபி காலியா இருக்கும். ஷ்ம் சைஸ, அதாவது அந்த ஷேர்டு மெமரி அளவ கூட்டி வச்சா சரியாயிடும்.

லோக்கல்ஹோஸ்ட்ங்கிற ஒரு வார்த்தைக்கு இந்த உலகத்துல ஏகப்பட்ட அர்த்தம். உங்க லேப்டாப்ல இருந்து சொன்னா லேப்டாப், ஆப் கன்டெய்னருக்குள்ள இருந்து சொன்னா அந்த ஆப் கன்டெய்னரேதான், அங்க டேட்டாபேஸ் கிடையாது, கம்போஸ்ல சர்வீஸுக்கு என்ன பேர் வச்சீங்களோ அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும், அதுவும் வெளிய காட்டுன போர்ட்ல இல்ல, உள்ள இருக்குற ஒரிஜினல் போர்ட்ல. மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் இன்னும் ஒரு படி மேல, லினக்ஸ்லயும் மேக்லயும் லோக்கல்ஹோஸ்ட்னு சொன்னா நெட்வொர்க்கே போகாது, யுனிக்ஸ் சாக்கெட் ஃபைலத் தேடும், கன்டெய்னரோட சாக்கெட் உங்க மெஷின்ல இருக்காது, "சாக்கெட் இல்ல"ன்னு அழும். 127.0.0.1ன்னு எண்ணா குடுத்தா போயிடும்.

போர்ட் வெளிய காட்டுறதுல ஒரு பாதுகாப்பு விஷயம் இருக்கு, இத லேசா எடுத்துக்காதீங்க. கம்போஸ்ல போஸ்ட்கிரஸ் போர்ட்ட 5432:5432ன்னு எழுதுனா உங்க மெஷினோட எல்லா நெட்வொர்க் முகத்துலயும் தொறந்து வைக்கிறீங்கன்னு அர்த்தம். உபுண்டுல யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு "எல்லாம் பூட்டியாச்சு"ன்னு இருப்பீங்க, டாக்கர் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸோட நெட்வொர்க் ரூல் பட்டியல்ல) தன்னோட ரூல யூஎஃப்டபிள்யூ பாக்குறதுக்கு முன்னாடி எடத்துலயே எழுதிடும், பூட்டுன வாசலுக்குப் பக்கத்துல இன்னொரு வாசல். 2017 ஜனவரில பாஸ்வேர்ட் இல்லாம இன்டர்நெட்ல தொறந்து கிடந்த மாங்கோடிபி ஆயிரக்கணக்குல அழிக்கப்பட்டு, பிட்காயின் குடுன்னு ஒரு குறிப்ப மட்டும் வச்சுட்டுப் போனாங்க. அது டாக்கரால வந்தது இல்ல, ஆனா இப்படி தொறந்து வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதான் சாட்சி. போர்ட் எண்ணுக்கு முன்னாடி 127.0.0.1 சேத்து எழுதுனா பிரச்சனை தீந்தது. போஸ்ட்கிரஸ் இமேஜ் 2020ல இருந்து பாஸ்வேர்ட் குடுக்காம கெளம்பவே மாட்டேங்குது, நல்ல முடிவு, உடனே ட்ரஸ்ட்னு ஒரு செட்டிங் போட்டு அதையும் தாண்டிட்டுப் போறவங்க நம்மள்லயே இருக்காங்க.

லோக்கலும் ப்ரொடக்ஷனும் அச்சா ஒண்ணு, அதுக்குத்தானே கன்டெய்னர்னு சொல்லுவாங்க. பாதி உண்மை. மைஎஸ்க்யூஎல் டேபிள் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸ்ல தெரியாது, லினக்ஸ்ல தெரியும், முன்னாடி சர்வர்ல ஏத்துன அப்புறம்தான் வெடிக்கும், இப்ப கன்டெய்னர்ல லேப்டாப்லயே வெடிச்சிடுது, இது லாபம். ஆனா இமேஜ் சின்னதா இருக்குன்னு ஆல்பைன்ங்கிற குட்டி லினக்ஸ் எடுத்தீங்கன்னா அதுல இருக்குற சி லைப்ரரி மசில், டெபியன் இமேஜ்ல இருக்குறது ஜிலிப்சி. மசில்ல மொழிக்கேத்த மாதிரி வரிசைப்படுத்துற வேலையே கிடையாது, பைட் வரிசைதான். நம்ம பேர்கள வச்சு பாருங்க, ஆவுடையப்பன், ஆறுமுகம், ஆனந்தி, இதான் நம்ம நெடுங்கணக்கு வரிசை, வகரம் முன்னாடி, றகரமும் னகரமும் கடைசி. யூனிகோட்ல னகரத்த நகரத்துக்குப் பக்கத்துலயும் றகரத்த ரகரத்துக்குப் பக்கத்துலயும் ஒக்கார வச்சிட்டாங்க, அதனால பைட் வரிசைல ஆனந்தி, ஆறுமுகம், ஆவுடையப்பன்னு அப்படியே தலைகீழா வரும். வாக்காளர் பட்டியல் மாதிரி எதாச்சும் பண்றவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஐசியுங்கிற யூனிகோட் லைப்ரரியோட கொலேஷன்ல (வரிசை விதில) தமிழ் சொல்லி உருவாக்குனா நம்ம வரிசை கிடைக்கும், போஸ்ட்கிரஸ் 15ல இருந்து டேட்டாபேஸ் முழுசுக்குமே அத டிஃபால்ட்டா வச்சுக்கலாம். இதுல இன்னொரு கண்ணி, இன்டெக்ஸ்ங்கிறதே வரிசைய நம்பி கட்டுனது, ஆல்பைன்ல உருவான வால்யூம டெபியன் இமேஜ்ல மாட்டுனா டெக்ஸ்ட் இன்டெக்ஸ் வேற வரிசைல இருக்கும், இருக்குற ரோவையே இல்லைன்னு சொல்லும், எர்ரர் எதுவும் வராது.

நேரமும் அப்படித்தான். கன்டெய்னர் வழக்கமா யூடிசில (நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்குற உலகப் பொது நேரத்துல) ஓடும். ராத்திரி 12ல இருந்து காலைல 5:30 வரைக்கும் நம்ம தேதி ஒண்ணு, அதோட தேதி ஒண்ணு. ராத்திரி ஒக்காந்து வேலை பாக்குறவனுக்கு மட்டும் வர்ற பக், காலைல பத்து மணிக்கு டெமோ காட்டுனா வரவே வராது.

டெஸ்ட்டுக்கு மட்டும் ஓட்டுற டேட்டாபேஸ்னா ஜாடியே வேணாம், முழுக்க இலைதான். அங்கதான் இந்த ஜோடி உண்மையிலேயே அழகா பொருந்துது. டேட்டா டைரக்டரிய டெம்ப்எஃப்எஸ்ல, அதாவது ரேம்லயே வச்சு, எஃப்சிங்க்க (டிஸ்க்ல எழுதியாச்சான்னு உறுதி பண்றத) அணைச்சுட்டு ஓட்டலாம், கரண்ட் போனா டேட்டா போகும், போகட்டுமே. 2015ல ஜாவாவுக்குன்னு ஆரம்பிச்ச டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரி இதத்தான் பண்ணுது, டெஸ்ட் ஆரம்பிக்கும்போது நிஜ டேட்டாபேஸ கெளப்பி, காலியா இருக்குற ஒரு போர்ட்ல விட்டு, முடிஞ்சதும் அழிச்சிடும், அதோட கம்பெனிய 2023 டிசம்பர்ல டாக்கரே வாங்கிடுச்சு. எச்2 மாதிரி மெமரி டேட்டாபேஸ்ல டெஸ்ட் பாஸாகி ப்ரொடக்ஷன்ல போஸ்ட்கிரஸ்ல உதை வாங்குனவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ஆபீஸ்ல ஓட்டுறவங்களுக்கு ரெண்டு விஷயம் வேகமா சொல்லிடுறேன். டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்ட்ல லைசென்ஸ மாத்திட்டாங்க, 250 பேருக்கு மேல ஆள் இருந்தாலோ வருஷ வருமானம் 1 கோடி டாலருக்கு மேல இருந்தாலோ காசு கட்டணும், நம்மூர் பெரிய சர்வீஸ் கம்பெனி எல்லாம் இதுல வந்துடும், சொந்த லேப்டாப்னு நெனைச்சு ஆபீஸ் மெஷின்ல போட்டுடாதீங்க. லினக்ஸ்ல டாக்கர் இன்ஜினுக்கு காசு இல்ல, போட்மேன், ராஞ்சர் டெஸ்க்டாப் எல்லாம் இருக்கு. அப்புறம் 2020 நவம்பர்ல இருந்து இமேஜ் இறக்குற எடமான டாக்கர் ஹப்ல லாகின் பண்ணாம இறக்குனா ஐபிக்கு இத்தனைதான்னு கணக்கு வந்துடுச்சு, ஆபீஸ்ல எல்லாரும் வெளிய போறது ஒரே ஐபிலதான், பக்கத்து டீம் காலி பண்ணிட்டா உங்களுக்கும் கிடைக்காது. லாகின் பண்ணிட்டு இறக்குங்க.

தம்பிக்கு வருவோம். அவன் வால்யூமுக்கு கம்போஸ் ஃபைல்ல பேர் குடுத்திருந்தான், மைனஸ் வி அப்படி பேர் வச்ச வால்யூமையும் சேத்துத்தான் அழிக்கும், அரிசி டப்பாலயும் தேடிப் பாத்தோம், இல்ல. மூணு நாள் டேட்டாவ திரும்ப கையால ஏத்த வேணாம்னு சொல்லி, ஒரு மதியம் ஒக்காந்து இன்சர்ட் எல்லாத்தையும் ஒரே எஸ்க்யூஎல் ஃபைலா எழுத வச்சு, இனிட்டிபி டைரக்டரில மாட்டி, கிட்ல (கோட சேத்து வைக்கிற டூல்ல) கமிட் பண்ண சொன்னேன், முனங்கிட்டேதான் பண்ணான். நேத்து அவன் ஸ்க்ரீனப் பாத்தேன், ஸ்கீமா எதோ சிக்கலாயிடுச்சு போல, யாரும் சொல்லாம அவனே டவுன் மைனஸ் வி அடிச்சான், அப் அடிச்சான், டீ குடிக்க எந்திரிச்சுப் போயிட்டான்.